இரண்டு பலகை

லோகேஸ்வரி காலையில் கண் விழித்ததும் முதலில் பார்த்தது தண்ணீரைத்தான். சாமி கும்பிடுவதும் தேத்தண்ணி கலக்குவதும் அதற்குப் பிறகு. வீட்டின் பின்புறம், சமையலறைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில், உடம்பெல்லாம் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்று செங்குத்தாகப் புதைக்கப்பட்டிருந்தது. அதற்குள் மூங்கில் குச்சியை இறக்கி எடுத்து, ஈரம் எந்தக் கோட்டில் தொடங்குகிறது என்று பார்ப்பாள். தரைக்குக் கீழே ஒன்றரை அடியில் தண்ணீர் நின்றால் மனம் அடங்கும். இரண்டடிக்கு இறங்கிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. 2016 மார்ச் மாதம் தொடங்கி ஒவ்வொரு நாளின் அளவும் பள்ளிக்கூட நோட்டில் தேதியோடு பதியப்பட்டிருக்கிறது. எட்டு ஆண்டுகளில் விடுபட்டவை பதினொரு நாள்கள். அவற்றில் ஒன்பது, அவள் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடந்த நாள்கள். மற்ற இரண்டுக்குக் காரணம் எழுதப்படவில்லை.

ஜெஞ்சாரோமிலிருந்து கடற்பக்கம் போகும் சாலையில் போய், கல்சாலையில் திரும்பி இரண்டு கிலோமீட்டர் உள்ளே சென்றால் அவளுடைய நாலு ஏக்கர் வரும். கல்சாலைக்கு ஒரு பக்கம் முப்பது வீடுகள் கொண்ட கம்பம், அதாவது மலாய்க் கிராமம். மறுபக்கம் எண்ணெய் எடுக்கும் அவளுடைய செம்பனை வரிசைகள். வரிசைகள் முடியும் இடத்தில், பின்வாய்க்காலை ஒட்டி, வீடு. அந்த வட்டாரத்து மண்ணை மலாய்க்காரர்கள் காம்புட் என்பார்கள்; தோட்டத்துத் தமிழர்கள் பாயா மண் என்பார்கள். உண்மையில் அதை மண் என்று சொல்வதே தவறு. பல்லாயிரம் ஆண்டுகளாக விழுந்த மரமும் இலையும் வேரும் தண்ணீருக்குள் கிடந்து, மக்கவும் முடியாமல் கல்லாகவும் ஆகாமல் கறுத்துப்போன சரக்கு அது. கையில் அள்ளினால் ஊறிய தேயிலைச் சக்கைபோல இருக்கும். ஈரம் இருக்கும்வரை அது நிலம். காய்ந்துவிட்டால் பன்னிரண்டு அடி ஆழத்துக்கு அடுக்கிவைத்த விறகு. இன்னொரு குணமும் அதற்கு உண்டு: ஒருமுறை நன்றாகக் காய்ந்த பாயா மண் பிறகு தண்ணீரைக் குடிக்காது. ஊற்றுகிற தண்ணீர் சேப்பிலைமேல் விழுந்ததுபோல உருண்டோடிவிடும்.

இந்தக் குணங்கள் எதுவும் தெரியாமல்தான் லோகேஸ்வரி அந்த நிலத்துக்கு வந்தாள். அவள் பிறந்தது 1966இல், கிள்ளானுக்கு வடக்கே செம்மண் பூமியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பதினாறு வயதில் வேலைக்காட்டுக்குப் போனாள். மருந்து டாங்கியை முதுகில் சுமந்து புல்லுக்கு மருந்தடித்தது பதினான்கு வருடம். வலக்கையில் மூன்று விரல்களின் நகங்கள் அந்தக் கணக்கில் போயின. 1989இல் கமலநாதனைக் கைப்பிடித்தாள். அவர் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுநர். தோட்டம் வீட்டுமனைகளாக மாறியபோது, இருவருமாகச் சேர்ந்து இந்த நாலு ஏக்கரை வாங்கினார்கள். ஒரே மகள் விஷ்ணுப்ரியா படித்து, வேலைக்குப் போய், தலைநகரில் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினாள். கமலநாதன் முழங்கால் தேய்ந்து லோரியிலிருந்து இறங்கிய பிறகு, நிலத்தைப் பார்ப்பது முழுக்க லோகேஸ்வரியின் பொறுப்பாயிற்று.

2015இல் அக்கம்பக்கத்து நிலங்கள் நாற்பது நாள் புகைந்தன. மறு வருடம் ஒரு பயிற்சிக் குழு கம்பத்துப் பொது மண்டபத்துக்கு வந்து, பாயா நிலத்தில் எப்படி விவசாயம் செய்ய வேண்டும் என்று இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தது. வந்து கேட்டவர்கள் பதினேழு பேர். செய்தவள் ஒருத்தி.

அவள் செய்ததில் முதன்மையானது பலகைத் தடுப்பு. வாய்க்காலின் குறுக்கே இரண்டு கெட்டியான மரக்கால்களை நட்டு, அவற்றின் காடிகளில் ஏழு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினாள். மழைக்காலத்தில் ஒன்றிரண்டைக் கழற்றி வெள்ளத்தை விடுவாள். வெயில் காலத்தில் ஏழும் இருக்கும். அடுத்து, வெட்டிய மட்டைகளைக் கொளுத்தாமல் வரிசைகளுக்கு நடுவே அடுக்கினாள். மரத்தடியில் முளைத்த பெரணிச் செடிகளை மருந்தடித்துக் கொல்லாமல் தரைக்குப் போர்வையாக விட்டாள். எலிக்கு நஞ்சு வைப்பதை நிறுத்திவிட்டு, ஆந்தைகளுக்கு உயரக் கழியின்மேல் பெட்டி கட்டினாள். பக்கத்து நிலங்கள் ஆண்டுக்கு இரண்டு அங்குலம் தாழ்ந்துகொண்டே போக, மரங்கள் குடிகாரர்களைப்போலச் சாய்ந்து நின்றன. அவளுடைய மரங்கள் நிமிர்ந்து நின்றன. அவள் தேக்கிய தண்ணீர் நிலத்துக்கடியில் கசிந்து போனதால், எதிர்ப்பக்கக் கம்பத்துக் கிணறுகளும் பங்குனியில் வற்றவில்லை. அதை அந்த வீட்டுக்காரர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

பக்கத்து மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து அன்னாசி போட்டிருந்த கன்னையா, அவளைத் தண்ணி மாரியம்மா என்று கூப்பிடுவான். அதே பழைய தோட்டத்து ஆள்தான். அவளைவிடப் பத்து வயது இளையவன். குச்சியை நனைத்துப் பார்க்கும் நேரத்தில் வேலிக்கு அப்பால் நின்று, "என்னாக்கா, மண்ணுக்கு ஜுரம் எவ்ளோ இருக்கு?" என்பான். அவன் அன்னாசித் தழையைக் கொளுத்துகிறவன். ஒரு முறை அதிகாரிகள் வந்து எச்சரித்தும் போயிருந்தார்கள்.

பின்வாய்க்கால் மூலையில், பலகைத் தடுப்புக்குப் பக்கத்தில், மகாங் என்ற காட்டு மரத்தின் அடியில் முனியாண்டி இருந்தார். பழைய தோட்டம் விற்கப்பட்டபோது, கமலநாதனின் அண்ணன் வேலாயுதம் அங்கிருந்த கல்லையும் ஒரு பிடி செம்மண்ணையும் துணியில் முடிந்து கொண்டுவந்து இங்கே வைத்தார். வேலாயுதம் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் சாமி காரியம் எதற்கும் அவர் சொல்தான் முடிவு. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி இறக்கிய இருபது நாள்களுக்குள் முனியாண்டிக்குப் படையல் போட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதிலும் ஒரு விதி உண்டு. முனிக்குப் பொங்கல் வைக்கும் அடுப்பைக் கல்லிலோ இரும்பிலோ கூட்டக் கூடாது. சாமியின் காலடி மண்ணில் ஒரு முழக் குழி வெட்டி, அந்தக் குழியில்தான் நெருப்பு வைக்க வேண்டும். பொங்கி முடிந்ததும் அந்த நெருப்பின்மேல் யார் காலும் படாதபடி, தோண்டிய மண்ணைக் கொண்டே மூடிவிட வேண்டும். செம்மண் பூமியில் மூன்று தலைமுறைகளாக இப்படித்தான் செய்தார்கள். அங்கே அதனால் ஒரு தீங்கும் வந்ததில்லை.

இங்கே குழியில் எப்போதும் தண்ணீர் ஊறியது. விறகு புகைந்து, அரிசி வேக மதியமாகும். 2023இல் பானை பொங்கவே இல்லை. கூட்டத்தில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அந்த வருடமே வேலாயுதத்தின் மகன் சாலை விபத்தில் ஒரு காலை இழந்தான்.

அதனால் 2024 தைப்பூசம் முடிந்த மறுநாள், வேலாயுதம் தம்பியையும் தம்பி மனைவியையும் செந்தூலுக்கு வரச் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார்: படையலுக்கு முன்னால் வாய்க்கால் தண்ணீரை இறக்கி, சாமி மூலையைக் காயவிட வேண்டும். லோகேஸ்வரி பணிவாக மறுத்துப் பார்த்தாள். செங்கல் அடுப்பு வைக்கலாம், தகரத்தின்மேல் மணல் பரப்பி அதில் வைக்கலாம், காஸ் அடுப்புகூடக் கொண்டுவரலாம் என்றாள்.

"காஸ் அடுப்புல வெச்சா அது பொங்கல் இல்லமா, கேட்டரிங்," என்றார் வேலாயுதம். "தண்ணிக்குள்ள குழி வெட்டி யாராச்சும் பொங்க வைப்பாங்களா? முனிக்குப் படைக்கிறோமா, தவளைக்குப் படைக்கிறோமா?"

"இந்த மண்ணு வேற, பெரியத்தான். நம்ம தோட்டத்து மண்ணு இல்ல."

"மண்ணு வேறன்னா சாமியும் வேறயா?"

உள்ளறையில் ஊன்றுகோலின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ரயிலில் திரும்பும்போது கமலநாதன் மெதுவாக, ரெண்டே ரெண்டு பலகை, நாலு நாள், என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 7, புதன்கிழமை காலை அவளே பலகைகளைக் கழற்றினாள். கடைசியாக மழை பெய்தது ஜனவரி 29 அன்று. தேங்கிய கறுப்புத் தண்ணீர் தடுப்பைத் தாண்டிச் சரசரவென்று இறங்கி ஓடுவதை, கையில் பலகையோடு நின்று பார்த்தாள். அன்று மாலை நோட்டில் எழுதியது: இரண்டடி ஓரங்குலம். மறுநாள்: இரண்டடி மூன்று அங்குலம். சனிக்கிழமை குச்சியின் நுனி மட்டும் நனைந்தது.

பிப்ரவரி 11, சீனப் புத்தாண்டு விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமை. செந்தூலிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். முந்தைய வருடங்களில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த பெண்கள், இந்த முறை பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்தார்கள். தரை காலுக்கு மெத்தென்று, பஞ்சு வைத்துத் தைத்ததுபோல இருந்தது. கிடாய் வெட்டி, சுருட்டும் கறுப்பு பீரும் வைத்தார்கள். ஒரு முழம் வெட்டியும் குழியில் சொட்டு நீர் ஊறவில்லை. விறகு பற்றிக்கொண்ட வேகத்தைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தார்கள். லோகேஸ்வரி மட்டும் பார்க்காமல் இருக்க முயன்றாள். பானை கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. வேலாயுதம் கண் கலங்கி நின்றார். "பாத்தியாமா, சாமி ஏத்துக்கிச்சு," என்றார்.

மூன்று குடம் தண்ணீர் ஊற்றி, தோண்டிய மண்ணை அள்ளிப் போட்டு மூடினார்கள். தோண்டி வைத்த அந்த மண் நாலு மணி நேரம் வெயிலில் கிடந்து பொடியாகியிருந்தது. நெருப்புக்குமேல் உமியைக் கொட்டி மூடினால் என்ன ஆகும் என்பது அந்தக் கூட்டத்தில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் கண்ணுக்கு அது மண்ணாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் லோகேஸ்வரி இரண்டு பலகைகளையும் காடியில் செருகினாள். தண்ணீர் ஏறவில்லை, ஏறுவதற்கு மேலிருந்து வரத்து இல்லை. மூடிய அடுப்பின்மேல் ஆறு வாளி ஊற்றினாள். வாளித் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, கறுத்த பொடியின்மேல் உருண்டு, பள்ளத்துப் பக்கம் போய்விட்டது. அதை அவள் கண்ணால் பார்த்தாள். சாம்பல் கலந்ததால் அப்படி ஓடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாளியைக் கவிழ்த்துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு வாசம் வந்தது. படையலில் வைத்த சுருட்டின் மிச்சம் என்று நினைத்தாள். சனிக்கிழமையும் அந்த வாசம் போகவில்லை. துவைத்துக் காயப்போட்ட தலையணை உறையில் ஏறியிருந்தது. ஆந்தைப் பெட்டி இரண்டு நாளாகக் காலியாக இருந்ததையும் கவனித்தாள்.

ஞாயிறு காலை கன்னையாவின் அன்னாசிப் பாத்தியில், எல்லை வேலிக்குப் பன்னிரண்டு அடி தள்ளி, நூல்போலப் புகை எழுந்தது. சுடர் இல்லை, சத்தம் இல்லை. செடிகள் பச்சையாகவே நின்றன. அவற்றின் வேர் இருந்த இடத்தில் வெள்ளைச் சாம்பல் இருந்தது. கன்னையாவேதான் தீயணைப்புப் படையான பொம்பாவுக்குப் போன் செய்தான். ஆனால் எச்சரிக்கை வாங்கியவன் நிலத்தில் தீ என்றால், ஊர் வேறு எங்கே பார்க்கும்? கம்பத்துத் தலைவர் வந்து கைகட்டி நின்று, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை, கணவர் அசந்த நேரத்தில், லோகேஸ்வரி கடப்பாரையை எடுத்துக்கொண்டு முனியாண்டி மூலைக்குப் போனாள். அடுப்பை மூடிய இடம் ஒரு சாண் தாழ்ந்திருந்தது. கடப்பாரையை ஊன்றினாள். அது எதிலும் தட்டாமல், வெண்ணெயில் கத்திபோல முழுசாக உள்ளே இறங்கி, அவளையும் முன்னால் இழுத்தது. வெளியே இழுத்தபோது இரும்பைக் கையால் பிடிக்க முடியவில்லை. சேலைத் தலைப்பைச் சுற்றித்தான் பிடித்தாள். குழியின் வாயிலிருந்து அடுப்படிக் காற்று முகத்தில் அடித்தது.

கமலநாதனிடம் சொன்னாள். அவர் அண்ணனிடம் போனில் சொன்னார். வேலாயுதம் சொன்னவற்றில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, சாமி நெருப்பின்மேல் பழி போடக் கூடாது. இன்னொன்று, திறந்த வெளியில் தீ வைத்தது நாம்தான் என்று எழுத்தில் ஏறினால் வழக்கு வரும், நிலம் கையை விட்டுப் போகும். முதலாவதை லோகேஸ்வரி அவ்வளவாக மதிக்கவில்லை. இரண்டாவது அவள் வாயை அடைத்தது. அந்த நாலு ஏக்கரைத் தவிர அவளிடம் வேறொன்றும் இல்லை.

திங்கள், செவ்வாய், புதன். பொம்பா ஆட்கள் கன்னையாவின் பக்கம் குழாய் போட்டு, வாய்க்காலில் மிச்சமிருந்த தண்ணீரை அங்கே இறைத்தார்கள். குழுவின் தலைவர் ஜாபர் அலி, கிள்ளான்காரர், நாற்பது வயது இருக்கும். கன்னையாவின் பாத்தியில் புகை மெல்ல அடங்கியது. ஆனால் தீ எப்படி வந்தது என்பது அவருக்குப் புரியவில்லை. தீ தொடங்கிய இடம் என்று ஒன்று அங்கே இல்லை. தேநீர் கொடுக்கப் போன லோகேஸ்வரியிடம் அவர் கவலையோடு சொன்னார்: "ஆன்டி, இது எங்க பத்துச்சுன்னு தெரிஞ்சாதான் எங்க நிறுத்தறதுன்னு தெரியும். மேல ஊத்திட்டே இருந்தா அது கீழ போயிட்டே இருக்கும்." அவள் வெறுந்தட்டோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

புதன் மாலை கன்னையா வேலி ஓரம் வந்து நின்றான். நிலத்துக்காரர் குத்தகையை முறிப்பதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு அவன் தண்ணி மாரியம்மா என்று கூப்பிடவில்லை.

"அக்கா, நீங்க தெனம் காலைல இங்கதான நிக்கிறீங்க. இந்த மாசம் நான் ஒரு குச்சி கொளுத்துனத பாத்தீங்களா? பாத்திருந்தா பாத்தேன்னு சொல்லுங்க. பாக்கலன்னா அதையாச்சும் சொல்லுங்கலா."

அவள் அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை, பிப்ரவரி 22, காலை பத்து மணி. காற்று அடியோடு நின்றுபோன நேரம். மகாங் மரம் ஒரு முறை முனகியது. பிறகு, யாரோ மெதுவாகப் படுக்கவைப்பதுபோல, வாய்க்கால் பக்கம் சாய்ந்து விழுந்தது. அடியில் வேர் என்று ஒன்றும் இல்லை. கரி முனைகள் மட்டுமே இருந்தன. மரம் நின்ற இடம் அப்படியே உள்வாங்கி, அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் முனியாண்டிக் கல் தொங்கலாக நின்றது. பள்ளத்தின் அடியில், பகல் வெளிச்சத்திலும், சிவப்பு தெரிந்தது.

ஜாபர் அலி ஓடிவந்து எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். லோகேஸ்வரி பின்னால் போகவில்லை.

"கன்னையா கொளுத்தல, தம்பி. நாங்கதான். இதே எடத்துல பதினோராந்தேதி சாமிக்குக் குழியடுப்பு வெட்டுனோம். அதுக்காக ஏழாந்தேதி ரெண்டு பலகைய நான்தான் எடுத்தேன். என்கிட்ட நோட்டு இருக்கு."

கமலநாதன் அவள் முழங்கையைப் பிடித்தார். அவள் விடுவித்துக்கொண்டாள். வேலிக்கு அப்பால் கன்னையா நின்றிருந்தான். அவன் காதில் விழுந்தது என்பது அவளுக்குத் தெரியும். அவன் பக்கம் அவள் திரும்பவில்லை.

ஜாபர் அலி நோட்டை வாங்கி, நின்றபடியே பிப்ரவரிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அதற்கு அவருக்கு நேரம் இல்லை. பதினொரு நாள், இவ்வளவு காய்ந்த மண், அடியில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று வாய்க்குள் கணக்குப் போட்டார். செய்யக்கூடியது ஒன்றுதான்: பாயா நெருப்பை அணைப்பதற்கு நேரமோ தண்ணீரோ இப்போது போதாது, சுற்றிப் பள்ளம் வெட்டி, தண்ணீர் மட்டம் தொடும்வரை ஆழமாக்கி, நிரப்பி, அதைத் தீவாக்கித்தான் சாகவிட முடியும். கன்னையாவின் பக்கம் மூன்று நாள் இறைத்ததில் அடங்கிவிட்டது. தெற்கே எல்லையில் கான் என்கிற வடிகால் இருக்கிறது, அதில் கொஞ்சம் ஈரமும் இருக்கிறது. திறந்து கிடப்பது லோகேஸ்வரியின் பக்கம்தான். பள்ளம் தோண்டும் பேக்ஹோ இயந்திரம் ஒன்று பிற்பகலில் வரும். மறுநாள் காலை அது வேறொரு தீக்குப் போக வேண்டும்.

தரையில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டினார். "ரெண்டு கோடு இருக்கு, ஆன்டி. ஒண்ணுதான் வெட்ட நேரம் இருக்கு, ஒண்ணுக்குதான் தண்ணி இருக்கு. இந்தக் கோடு சாமிக்கும் வீட்டுக்கும் நடுவுல. வீடு தப்பும். ஆனா நெருப்பு ஏற்கெனவே இதத் தாண்டியிருந்தா, அடுத்து ரோடு வரைக்கும் தடுக்க ஒண்ணும் இல்ல. ரோட்டுக்குக் கீழயும் இதே மண்ணுதான், கம்பத்துக்குக் கீழயும் இதே மண்ணுதான். அந்தக் கோடு வீட்டுக்கு அந்தாண்ட, செம்பனை ஆரம்பிக்கிற எடம். அது நிச்சயம் நிக்கும். வீடு உள்ள மாட்டிக்கும்."

அவர் வைத்திருந்த சூடு காட்டும் கருவி, வீட்டைச் சுற்றி ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அது மேல்தோலைத்தான் பார்க்கும், ஆழத்தைப் பார்க்காது என்று அவரே சொன்னார். கமலநாதன் முன்னால் வந்து, முப்பது வருடம் லோரி ஓட்டிக் கட்டிய வீடு, முதல் கோட்டையே வெட்டுங்கள், மெஷின் என்ன சொல்கிறது என்று பாருங்கள், என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

லோகேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாக வீட்டுக்குள் போனாள். கூடத்துச் சிமெண்டுத் தரை எப்போதும்போல ஜில்லென்று இருந்தது. மகளின் பட்டமளிப்புப் படத்தின் கீழே ஒரு நிமிடம் நின்றாள். சமையலறை வாசலிலும் குளிர்ச்சிதான். பாத்திரம் கழுவும் மூலைக்குப் போனாள். வீடு கட்டிய நாளிலிருந்து அந்த மூலை உலர்ந்து அவள் பார்த்ததில்லை. எத்தனை முறை துடைத்தாலும் பாசி பிடிக்கும். அன்று காலை ஏழு மணிக்குத்தான் அங்கே பாத்திரம் கழுவியிருந்தாள். இப்போது மூலை காய்ந்து வெளிறிக் கிடந்தது. பாசி பொருக்குப் பொருக்காக எழும்பி நின்றது. உள்ளங்காலை அதன்மேல் வைத்தாள். சோறு வடித்து இறக்கிய சட்டியின் பக்கத்தில் கால் வைத்ததுபோல இருந்தது. சூடு என்று சொல்ல முடியாது. ஆனால் அது தரையின் குளிர்ச்சி அல்ல.

வெளியே வந்தபோது கமலநாதன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"செம்பனை பக்கமே வெட்டுங்க, தம்பி," என்றாள். "வீட்டுக்கு அடியில வந்துருச்சு."

பொருள்களை எடுக்க இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். ஒருவர்மட்டும் உள்ளே போகலாம், பின்சுவர்ப் பக்கம் போகக் கூடாது. எரிவாயு உருளை, நிலப் பத்திரம், துணிமணி, கமலநாதனின் மருந்துகள், படம். பிற்பகல் மூன்று மணிக்கு வேலாயுதம் செந்தூலிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினார். கல்லை எடுத்துப்போகச் செம்புத் தாம்பாளமும் மஞ்சள் துணியும் கொண்டுவந்திருந்தார். அந்த மூலைக்கு யாரையும் விடுவதாக இல்லை. தரை எங்கே உள்ளீடற்றுக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் தாம்பாளத்தை ஏந்தியபடியே சாலையோரம் நின்றார். கடைசியில் லோகேஸ்வரியிடம், "அப்ப முனி?" என்று கேட்டார்.

"அங்கயே இருக்கட்டும், பெரியத்தான். நெருப்புக் கேட்டார்ல."

முப்பத்தைந்து வருடத்தில் அவள் அவரிடம் முகத்துக்கு நேராகப் பேசிய கடும் சொல் அது ஒன்றுதான். தாம்பாளத்தைக் காரின் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

இயந்திரம் வேலை செய்யத் தொடங்கியது. மூன்றடியில் பொடி, நாலடியில் பொடி, ஐந்தடியில் கறுப்பு ஈரம். ஆறடியில்தான் தண்ணீர் கசிந்தது. பதினேழு செம்பனைகள் சாய்க்கப்பட்டன. அவள் நட்ட மரங்கள், எல்லாம் நிமிர்ந்து நின்றவை. பள்ளத்தை நிரப்பப் பொம்பாவின் ஒரு குழாய் போதவில்லை. எல்லைக் கானில் மிச்சமிருந்ததை இறைக்க இன்னொரு பம்பு வேண்டும் என்றார் ஜாபர் அலி. அருகில் பம்பு வைத்திருந்தவன் ஒருவன்தான்.

யாரும் போய்க் கேட்கவில்லை. கன்னையா தானாகவே பம்பை ஒற்றைச் சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தான். லோகேஸ்வரியின் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று நாள் கழித்து வாயைத் திறந்ததற்கு அவளைத் திட்டவும் இல்லை, மன்னித்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. குழாயின் ஒரு முனையை அவள் பக்கம் நீட்டி, "புடிங்கக்கா, நழுவும்," என்று மட்டும் சொன்னான். அவள் பிடித்தாள். பொழுது சாயும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். கறுத்த தண்ணீர் பள்ளத்தின் அடியில் விரல் விரலாக உயர்ந்தது.

அந்தப் பக்கம் வீடு முழுசாக நின்றது. ஓட்டில் ஒரு விரிசல் இல்லை. கொடியில் ஒரு துண்டு மறந்துபோய்த் தொங்கியது. சாலையில் நின்று பார்த்த கம்பத்துக்காரர் ஒருவர், வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அவசரப்பட்டுவிட்டார்களோ என்று மலாயில் கேட்டார்.

அன்று பிரிக்பீல்ட்ஸில் மகள் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் காலை ஆறரை மணி ரயிலிலேயே லோகேஸ்வரி திரும்பிவிட்டாள், கமலநாதன் வரவில்லை. பள்ளத்தில் தண்ணீர் மூன்றடி நின்றது. இந்தப் பக்கத்துக் கரையில் குனிந்து, மட்டைகளை விலக்கி, முழங்கைவரை கையைப் புதைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. பத்தடி தள்ளிப் பார்த்தாள், அங்கும் குளிர்ந்திருந்தது. பள்ளத்தின் நீளம் முழுவதும் அப்படிக் கையைவிட்டுப் பார்த்து முடிக்க ஒரு மணி நேரமாயிற்று.

கடைசி இடத்தில் கையை எடுக்கும்போதுதான் எதிர்ப்பக்கம் பார்த்தாள். சமையலறையின் பின்சுவர், ஓசையில்லாமல், ஜன்னல் மட்டம்வரை தரைக்குள் இறங்கியிருந்தது. ஜன்னல் கண்ணாடி உடையவில்லை. அதற்குப் பின்னால், மங்கலாக, உள்ளே வெளிச்சம் போட்டதுபோல ஒரு நிறம் இருந்தது. மின்சாரத்தை முந்தின நாளே துண்டித்துவிட்டார்கள்.

மழை மார்ச் மாதம் பத்தொன்பதாம் தேதிதான் பெய்தது.